மூன்றும் இரண்டும்

எங்கள் கொட்டகையில் 7,776 வள்ளிக்கிழங்கு இருந்தது. யாருக்கும் தெரியாமல் இரண்டு நாள் எண்ணி நோட்டில் எழுதிவைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக் கணக்கில் அது 777 பத்து, மிச்சம் ஆறு. அழகே இல்லாத எண். எங்கள் ஊர்க் கணக்கு ஆறில் ஓடும். ஐந்து ஆறுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் இதே எண் வரும். வெரெமெகெ என்போம். ஒன்றுகூட மிஞ்சாது.

அது நிறைந்தால் நான் வீட்டிலேயே இருக்கலாம். எங்கள் ஊர் வழக்கப்படி, அண்ணன் நாக்ரே ரோடா அண்ணியைக் கட்டியதற்குப் பதிலாக அவள் தம்பிக்கு என்னைக் கொடுக்க வேண்டும். அண்ணன் கெஞ்சியதால் அவள் அப்பா, கவும் என்கிற மாமா, ஒரு வழி விட்டார். பெண்ணுக்குப் பதில் முழு வெரெமெகெ கிழங்கு. ஒன்று குறைந்தாலும் நான் போக வேண்டும்.

விடிந்ததும் அண்ணி குவியலிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தாள்.

"ரெண்டு நாளா எதுவும் திங்கல நீ. ஒங்கண்ணன் பத்துப் பதினஞ்சு கூடவே வச்சிருக்காராம்."

அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் நோட்டைப் பற்றிக் கேட்பார்கள்; மாமா எண்ணும் முன் வேறு யாரும் எண்ணக் கூடாது. அதற்குள் அவள் அதைத் தணலில் போட்டுவிட்டாள். பாதி தின்றேன். மீதியைப் பையில் வைத்தேன்.

மாமா தன் ஊராரோடு வந்ததும் எண்ணத் தொடங்கினார்கள். இரண்டு பேர் ஆளுக்கு மூன்றாக எடுத்து வந்து வைக்க, மாமா நடையைச் சத்தமாகச் சொன்னார். ஆறு நடைக்கு ஓர் ஈர்க்கைத் தரையில் நட்டார். ஆறு ஈர்க்கு சேர்ந்தால் அவற்றை எடுத்துவிட்டு அடுத்த வரிசையில் ஒன்று, அங்கே ஆறு சேர்ந்தால் மூன்றாம் வரிசையில் ஒன்று. வெயில் சாய்ந்தபோது மூன்று வரிசையிலும் ஐந்தைந்து நின்றன.

"அஞ்சு!" என்றார் மாமா. இன்னும் ஒரே நடை, ஆறு கிழங்கு.

ஒருவர் கையில் மூன்று வந்தது. மற்றவர் கையில் இரண்டு.

"என்னடா, வர்ற வழியில பெருச்சாளி புடுங்கிக்கிச்சா?" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் கொட்டகைக்குள் ஓடி வெறுங்கையோடு வந்தான்.

பையிலிருந்ததை எடுத்து நீட்டினேன்.

"நீ தின்னியா?" என்றான் அண்ணன்.

"பாதிதான்."

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாதியா? அப்போ ஒன்னைப் பாதி மட்டும் கூட்டிட்டுப் போகவா?"

மறுபடி சிரித்தார்கள். அண்ணி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில கிளம்பணும், பாயைச் சுருட்டி வை," என்று மாமா கிழங்கைத் திருப்பிக் கொடுத்தார். அங்கேயே நின்று தின்றேன். ஆறிப்போயிருந்தது.

உள்ளே போய், நோட்டில் 7,776ஐ அடித்துவிட்டு 7,775 என்று எழுதினேன். பாயின் நடுவில் நோட்டை வைத்துச் சுருட்டினேன்.