ஏழு படிகளும் என் கடிதமும்

அந்தப் பேரூராட்சி அலுவலகக் கட்டடம் என் தந்தை ஊருக்குக் கொடுத்தது. வாசலில் ஏழு படிகள். முதல் படியின் முகப்பில் அவர் பெயர் வெட்டிய கல். எங்கள் குடும்பத்தில் யாரும் அங்கே போய்க் கைகட்டி நின்றதில்லை. அன்று நான் நின்றேன்.

தம்பி மகளுக்கு அங்கேயே எழுத்தர் வேலை கிடைத்திருந்தது. பதினோரு மணிக்குள் பதிவேட்டில் கையெழுத்திடாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். பதிவேடு மேலே, அவள் சக்கர நாற்காலியில், படிக்குக் கீழே.

"பின்னால சாய்தளம் இருக்குங்க," என்றார் அலுவலர்.

இருந்தது. பூட்டிய கதவில் போய் முட்டியது. ஜன்னல் வழியே பார்த்தால் கூரைவரை உடைந்த பெஞ்சுகள். 'சாய்தளம் உண்டு' என்று ஆண்டுதோறும் ஆய்வுப் படிவத்தில் முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

"நாலு பேரு சேந்து தூக்கிடலாம் பெரியவரே."

"தூக்குறதுக்கு அவ என்ன பீரோவா? பதிவேட்டைக் கீழ கொண்டு வாங்க."

"அது அறையை விட்டு வெளிய வரக்கூடாது. விதி."

"சாய்தளத்துக்கும் விதி இருக்கே. அது மட்டும் ஏட்டுச் சுரைக்காயா?"

அவர் உள்ளே போய் ஒரு கோப்புடன் வந்தார். அதில் என் கையெழுத்து. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், முன்வாசல் படிகளை இடித்துச் சாய்தளம் கட்டும்படி உத்தரவு வந்தபோது நான் எழுதிய கடிதம்: 'என் தந்தை பெயர் உள்ள படியில் கடப்பாரை படக்கூடாது.'

"உங்க கௌரவத்துக்காகத்தான் பின்னால கட்டினோம்," என்றார்.

தம்பி மகள் அதை வாங்கிப் படித்தாள். "அப்பவும் நான் இதே நாற்காலியிலதானே இருந்தேன், பெரியப்பா?"

நம் வீட்டுப் பெண் எதற்கு அலுவலகம் போகப்போகிறாள் என்று அன்று நினைத்திருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

பேனாவை எடுத்துக் கடிதத்தின் அடியில் எழுதினேன்: 'இதைத் திரும்பப் பெறுகிறேன். படியை உடையுங்கள்.'

"என் தப்பு ஒரு தாள். ஒம்பது வருஷமாப் பொய் முத்திரை குத்தினது யாரு? ஒரு கிழவன் கடுதாசி சட்டத்தைவிடப் பெருசா?"

மணி பத்தே முக்கால். முதல் படியில் உட்கார்ந்து கைத்தடியைக் குறுக்கே நீட்டினேன். என் கால்கள் இரண்டும் அப்பாவின் பெயரை மறைத்தன.

"இன்னிக்கு எல்லாருக்கும் பின்வாசல்தான்."

வரி கட்ட வந்த கூட்டம் பின்பக்கம் போய்க் கதவைத் தட்டியது. "சாவியைத் தேடுய்யா! எலி தூக்கிட்டுப் போயிருச்சா?" என்று ஒரு குரல். ஒரே சிரிப்பு. ஒன்பது ஆண்டு கிடைக்காத சாவி ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. எழுத்தர்களே வியர்க்க வியர்க்கப் பெஞ்சுகளை இழுத்துப் போட்டார்கள். பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அவள் கையெழுத்திட்டாள்.

அலுவலர் ஓடி வந்தார். "அதான் வேலையில சேந்தாச்சே, எழுந்திரிங்க ஐயா."

"எங்க வீட்டுப் பொண்ணு நாளைக்கும் பின்வாசல்லயா வரணும்? கொத்தனாரைக் கூப்பிடுங்க, எழுந்திரிக்கிறேன்."