பன்னிரண்டு சொற்களும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்

துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் இஸ்திரி போட வேண்டும். டெய்லரைப் பொறுத்தவரை அது மூளைக்குத் தெரியாமலே கை செய்துவிடுகிற காரியம். அன்று காலையும் கை செய்துவிட்டது. தன்னுடைய பழைய கோட்டை மேசையில் விரித்து, ஆவி பறக்க நாலு இழுப்பு இழுத்து, சுருக்கமெல்லாம் போன பிறகுதான் உள்பக்கத் தையலைப் பிரித்தார். லைனிங்குக்கு அடியில் அவரே வைத்துத் தைத்திருந்த கறுப்புத் துண்டு வெளியே வந்தது. கறுப்பு என்றால் அப்படி ஒரு சுத்தமான கறுப்பு. அதில் எழுதியிருந்த பன்னிரண்டு சொற்களில் ஒன்றைக்கூடக் காணோம்.

எழுதியது துணியில் குறி போடுகிற மெழுகுச் சாக்பீஸால். சூடு பட்டால் கரைந்து மறைந்துவிடும் சாக். “இஸ்திரி போட்டா அடையாளமே இருக்காது” என்று எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறார். வாடிக்கையாளரிடம் அவர் சொன்னதிலேயே பொய் கலக்காத வாக்கியம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருந்தது அக்காவின் நாலு வருஷச் சம்பாத்தியம். கடல் கடந்து ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகள் வெளுக்கிறாள் அக்கா. மகளை ஐந்து வயதில் தம்பி வீட்டில் விட்டுவிட்டுப் போனவள். பாப்பாவுக்கு இப்போது ஒன்பது. அடுத்த மாதம் அக்கா ஒரேயடியாகத் திரும்பி வந்து, தையல் கடைக்குப் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்துச் சலவைக் கடை போடுவதாக ஏற்பாடு. பாப்பா கடைக்குப் பெயர்கூட வைத்தாயிற்று. அதை யாருக்கும் சொல்லமாட்டேன் என்கிறாள்.

ஆரம்பத்தில் அக்கா வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை நாளைப் பணம் அனுப்பும் வரிசையில் நின்றே கழிப்பாள். அனுப்பிய பணம் நாலாம் நாள், வழியில் இரண்டு மூன்று பேர் கடித்துத் தின்ற மிச்சமாக வந்து சேரும். டெய்லரின் மனைவிக்குத் தம்பி ஒருத்தன், கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவன். அவன்தான் டிஜிட்டல் காசைக் கொண்டுவந்தான். காசு போனில் இல்லை, பெட்டியிலும் இல்லை என்றான். உலகத்துக்கே பொதுவாக ஒரு பேரேடு. அதன் நகல் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில். யார் யாருக்கு அனுப்பினாலும் எல்லா நகலிலும் ஏறிவிடும். ஒருத்தன் தன்னுடையதில் மட்டும் திருத்தினால் மற்றதெல்லாம் ஒத்துக்கொள்ளாது. அந்தப் பேரேட்டில் உங்கள் பக்கத்தைத் திறக்கிற சாவிதான் இந்தப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். சாவி தொலைந்தால் எந்த மேனேஜரைப் பார்ப்பது என்று டெய்லர் கேட்டார்.

“மேனேஜரே கிடையாது அத்தான். அதான் இதுல விசேஷமே.”

அன்றைக்கு அது விசேஷமாகத்தான் தெரிந்தது. பத்தே நிமிஷத்தில் பணம் வந்தது, கூலியும் சொற்பம். அக்கா விடுமுறை நாளில் தூங்க ஆரம்பித்தாள். காசின் மதிப்பு ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். இறங்குகிற நாளில் டெய்லர் பொத்தானுக்குப் போடுகிற காஜா கொஞ்சம் கோணிக்கொள்ளும், அவ்வளவுதான் நஷ்டம்.

சொற்களைப் போட்டோ எடுக்காதீர்கள், திருடு போகும். காகிதத்தில் எழுதாதீர்கள், கிழியும், நனையும் என்று மச்சினன் எச்சரித்திருந்தான். டெய்லர் வாழ்நாள் முழுக்க நம்பியது துணியை. திரையில் சொற்கள் வந்த அன்று பள்ளிச் சீருடை சீசன், காதில் செருகியிருந்தது மெழுகுச் சாக். இப்போதைக்கு எழுதி வைப்போம், அப்புறம் மேலே நூல் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதற்குப் பிறகு மூன்று சீசன் வந்து போயிற்று. நூல் ஓடவில்லை.

நேற்று சாயங்காலம் போன் மூச்சை நிறுத்தியது. ரிப்பேர்க்காரர் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்தால்தான் உயிர் வரும் என்றார். அந்தப் பன்னிரண்டு வார்த்தை பத்திரமா என்று இரண்டு தரம் கேட்கவும் செய்தார். டெய்லர் சிரித்துக்கொண்டே, தைத்தே வைத்திருக்கிறேன் என்றார். அழித்ததில் காசுச் செயலியும் போயிற்று, அதை மறுபடி திறக்க அந்தச் சொற்கள்தான் வழி.

இப்போது கறுப்புத் துண்டோடு அதே ரிப்பேர்க்காரர் முன்னால் போய் நின்றார். அவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். “பாப்போம்ணே” என்றார். அக்கா பணம் அனுப்பும் முகவரி டெய்லரின் நோட்டில் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் அடித்ததும் பேரேடு திறந்து தொகை முழுசாகத் தெரிந்தது. நேற்றைவிடக் கொஞ்சம் ஏறியும் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தொடத்தான் சாவி வேண்டும். டெய்லர் திரையின் கண்ணாடி மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, அசட்டுத்தனமாகத் தோன்றவே எடுத்துக்கொண்டார்.

ஞாபகத்தில் நின்றவை மூன்று சொற்கள். தொழிலுக்குப் பக்கத்தில் வருவதால் ஃபேப்ரிக், பேட்டர்ன். காரணமே இல்லாமல் அம்பரெல்லா. மீதி ஒன்பது. ஒவ்வொன்றும் இதற்கென்றே உள்ள பட்டியலின் இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்களில் ஏதோ ஒன்று, அதுவும் வரிசை பிசகாமல். ரிப்பேர்க்காரர் ஒரு பில்லின் பின்புறம் கணக்குப் போட்டார். சுழி போட்டுப் போட்டு பில் தீர்ந்துவிட்டது. “கஷ்டம்தான். ஆனா முடியவே முடியாதுன்னும் சொல்ல முடியாதுண்ணே.”

செயலியைச் செய்த கம்பெனிக்கு எழுதினார். மனிதர் யாரும் இல்லை, இயந்திரம்தான் பதில் சொன்னது: உங்கள் பணம் உங்கள் கையில் மட்டுமே இருப்பதில் நாங்கள் பெருமைப்படுகிறோம். மச்சினனோ, தொழில்நுட்பம் நாளுக்கு நாள் வளர்கிறது, நம்பிக்கையை விடாதீர்கள் என்றான். டெய்லர் இணையக் குழு ஒன்றில் உதவி கேட்டு வைத்ததைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாத ஒருத்தன், நூற்றுக்கு நூறு மீட்டுத் தருகிறேன், பாதிக் கூலியை முன்பணமாக அனுப்புங்கள் என்று எழுதினான். அன்று காலையிலிருந்து, பணம் வரும் என்று அடித்துச் சொன்ன ஒரே ஆள் அந்தத் திருடன்தான். அதற்காகவே டெய்லருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மனைவி போனைப் பிடுங்கி வைத்திராவிட்டால் தையல் மெஷினை விற்று அனுப்பியிருப்பார்.

மதியம் அக்காவே கூப்பிட்டாள், மனைவி போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு அன்று விடுமுறை. டெய்லர் வெயிலைப் பற்றிப் பேசினார், பாப்பாவின் மார்க்கைப் பற்றிப் பேசினார், பக்கத்து அறையின் கதவுக்குப் பெயிண்ட் அடித்ததை இரண்டு தரம் சொன்னார்.

“சுத்தி வளைக்காத தம்பி. பணம் இருக்கா, இல்லியா?”

“இருக்குக்கா. பாத்துட்டுதான் வந்தேன். எடுக்கத்தான் முடியாது.”

பிறகு ஒன்று விடாமல் சொன்னார். சாக், கோட்டு, நாலு இழுப்பு. இஸ்திரியா போட்டாய் என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். நாள் பூராவும் துணி மடிக்கிற மனுஷிக்கு அது புரியத்தான் செய்யும். அழுதிருந்தால் டெய்லருக்குத் தேறுதல் சொல்லவாவது வார்த்தை கிடைத்திருக்கும்.

மெஷினை விற்கிறேன், மாதாமாதம் கொடுத்துவிடுகிறேன், ராத்திரி பகல் பார்க்காமல் தைக்கிறேன் என்று அடுக்கினார். அவர் தைக்கிற வேகத்துக்கு அதெல்லாம் முடிய எத்தனை வருஷம் ஆகும் என்பது இருவருக்குமே தெரியும். திட்டிவிடு என்று கெஞ்சினார். அவள் திட்டவில்லை. பாப்பா சாப்பிட்டாளா என்று விசாரித்தாள்.

“அக்கா, எப்படியாவது சமாளிச்சுக்கலாம். நீ அடுத்த மாசம் வர்றதானே? நானும் காலையிலேருந்து ஒவ்வொருத்தரா கேட்டுட்டேன், பாப்போம், பாக்கலாம்னே சொல்றாங்க. நீயாவது நேரா சொல்லு.”

“வரலடா. இன்னும் நாலு வருஷத்துக்கு இங்கயே கையெழுத்துப் போட்டுடறேன். பாப்பாகிட்ட நீ சொல்லு. என்னால முடியாது.”