வெட்டாத மூச்சு

கோபம் வந்தால் அவளுக்குக் காது சிவக்கும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பின்வாசல் வழியாக அவள் நுழைந்தபோது இரண்டு காதும் சிவந்திருந்தன. இஸ்திரி மேசையில் நின்ற அம்மா அதைப் பார்த்தாள். யாரோடு மல்லுக்கு நின்றுவிட்டு வருகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. பெண் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்த்துப் பழகிய காதுதானே.

மல்லுக்கு நின்றது இசைக்குழுவை நடத்தும் பெரியவரோடு. ஒரு புல்லாங்குழல் முன்னால் நின்று பேச, வயலினும் செல்லோவுமாக ஒரு பட்டாளமே பின்னால் இருந்து பதில் சொல்லும் கான்செர்ட்டோ ஒன்றை அவருடைய குழுவோடு அவள் வாசித்திருந்தாள். அவளுடைய முதல் ஒலிப்பதிவு. அதில் ஓரிடத்தில் பட்டாளம் மொத்தமும் கப்பென்று வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு குழல் தன்னந்தனியாகப் போக வேண்டும். அந்த மௌனத்தை அவள் துணிந்த மட்டும் நீட்டிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துத்தான் தொடங்கியிருந்தாள். மூச்சு மைக்கில் அப்பட்டமாக விழுந்திருந்தது. மாடிப்படி ஏறி வந்தவள் மாதிரி இருக்கிறது என்றார் பெரியவர். அவள் சும்மா இருப்பாளா. நுரையீரல் இல்லாத ஆளாகப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டாள்.

ஒலிப்பதிவாளர் நல்ல மனுஷன். மூச்சையும் அதன் முன்னிருந்த மௌனத்தையும் சேர்த்து நறுக்கி, இன்னொரு பிரதி செய்து இரண்டையும் அவளிடம் கொடுத்தார். எது வெளியே போக வேண்டும் என்பதைச் சாயங்காலத்துக்குள் நீயே சொல்லிவிடு என்றார்.

சிக்கல் அங்கேதான். சண்டை போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்த பிறகு, ஒருவேளை நிஜமாகவே அது அசிங்கமாகத்தான் இருக்கிறதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இசைக்கல்லூரியில் கூடப் படித்தவர்கள் மூச்சே விடாத மாதிரி வாசிப்பதைப் பார்த்து, இதுகளெல்லாம் நுரையீரலை எந்தக் கடையில் வாங்கின என்று வயிற்றெரிச்சல் பட்டவள். இசை தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். தெரியாதவர்களைக் கேட்போம் என்று இங்கே வந்துவிட்டாள்.

சலவைக்கூடத்தில் அந்த வேளையில் மூன்று பேர். அம்மா, நீராவி இயந்திரத்தில் விரிப்புகளை அழுத்தும் ஸ்டீம் அக்கா, தலையணை உறைகளை மடித்து அடுக்கும் மடிப்பு அத்தை. இவர்கள் முதுகுக்குப் பின்னால், எட்டினால் தொடுகிற தூரத்தில், மூன்று டிரையர்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. டிரையர் நின்ற கையோடு துணியை உருவிவிட வேண்டும். கொஞ்சம் விட்டால் சுருக்கம் விழுந்து, இஸ்திரி போடுகிறவளின் தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் வாய் என்ன வம்பு பேசினாலும் மூவரின் காதும் அந்த உறுமலில்தான் இருக்கும்.

இரண்டில் எது நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், வித்தியாசம் என்னவென்று சொல்ல மாட்டேன் என்றாள். அலமாரி மேலிருந்த ஸ்பீக்கரில் முதலில் நறுக்கியதைப் போட்டாள். யார் கையும் நிற்கவில்லை. விரிப்பு விரிந்தது, உறை மடிந்தது. போனில் காத்திருக்கச் சொன்னால் பின்னால் ஓடுமே, அது மாதிரி நன்றாக இருக்கிறது என்றாள் ஸ்டீம் அக்கா. இதில் நீ எங்கே இருக்கிறாய் என்று அத்தை சந்தேகம் கேட்டாள். அம்மாவுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நீட்டா இருக்குடி. இதையே குடுத்துடு."

அம்மாவின் அகராதியில் நீட் என்பதற்கு மேலே ஒரு பாராட்டு கிடையாது. அப்படியானால் பெரியவர் சொன்னதுதான் சரியோ என்று அவள் காது மறுபடி சூடேறியது. வேண்டா வெறுப்பாக இரண்டாவதைப் போட்டாள்.

செல்லோக்கள் அடித்தொண்டையில் முனகி முனகி, டிரையர் உறுமலோடு கலந்து, எது எதுவென்று பிரிக்க முடியாமல் ஆயின. பிறகு பட்டாளம் கப்பென்று நின்றது.

ஸ்டீம் அக்கா கைப்பிடியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அத்தை உறையை வீசினாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். யாரும் யோசிக்கவில்லை, உறுமல் நின்றுவிட்டது என்று காது சொன்னது, கை தானாகக் கதவுக்குப் போய்விட்டது. ஆளுக்கொரு கதவாக, மொத்தக் கதவுகளையும் திறந்துவிட்டார்கள். அதுவரை சமர்த்தாகச் சுற்றிக்கொண்டிருந்த டிரையர்கள், கதவைத் திறந்ததால் இப்போதுதான் நிஜமாகவே நின்றன. பாதி ஈரத்தோடு விரிப்புகள் தொப்பென்று சரிந்தன.

அந்தக் கூடத்தில் அவ்வளவு அமைதியை அவள் கேட்டதே இல்லை. அலமாரி மேலிருந்து யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக, கொஞ்சம் கரகரப்பாக. மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

குழல் புறப்பட்டது. ஸ்டீம் அக்கா திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றாள். குழல் எகிறிக் குதித்தபோது இடுப்பைக் கிள்ளிவிட்ட மாதிரிச் சிரித்தாள். அத்தை ஈரத்துணி வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். குழல் மேலே மேலே ஏற, அத்தையும் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு விட மறந்தாள். அது இறங்கியபோதுதான் விட்டாள். பட்டாளம் திரும்பி வந்து சேர்ந்துகொண்டதும் அக்கா டிரையர் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

அம்மா மட்டும் தரையைப் பார்த்தாள். வேலை முடிந்தால் முகம் கழுவி, உடை மாற்றி, வேலைக்குப் போன சுவடே தெரியாமல்தான் தெருவில் கால் வைப்பவள் அவள்.

"மூச்சு வாங்குறது கேக்குதே. நீ கஷ்டப்பட்டு ஊதுறேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடாதா?"

"கஷ்டப்பட்டுத்தானேம்மா ஊதுறேன்."

அம்மா பதில் சொல்வதற்குள் மேற்பார்வையாளர் ஓடி வந்தார். டிரையர் சத்தம் ஒட்டுமொத்தமாக நின்றால் மின்சாரம் போயிருக்க வேண்டும், அல்லது யாராவது மண்டையைப் போட்டிருக்க வேண்டும். எந்தப் புத்திசாலி செய்த வேலை இது என்று கத்தினார். வழக்கமாக முதலில் தலை குனிவது அம்மாதான். இன்று அவள் பெண்ணிடம், அந்த இடத்தை மறுபடி போடு என்றாள்.

"கொஞ்சம் இருங்க சார். என் பொண்ணு மூச்சு விடுறா. கேட்டுட்டுத் திட்டுங்க."

மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நின்றார். செல்லோக்கள் முனகின, பட்டாளம் நின்றது. அந்த நொடியே மேற்பார்வையாளர் துள்ளித் திரும்பி, ஏற்கெனவே திறந்து கிடந்த டிரையருக்குள் கையை விட்டார். ஸ்டீம் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டும் முடியாமல் மேசையில் சாய்ந்தாள். ஈர விரிப்பைக் கையில் பிடித்தபடி அவரும் அசடு வழிந்துகொண்டே கேட்டார்.

அவள் வாசலுக்கு வந்து ஒலிப்பதிவாளரை அழைத்தாள். வெட்டாததே போகட்டும், பெரியவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். அவர் மேற்கொண்டு ஏதோ கேட்டார். உள்ளே எழுந்த சிரிப்பில் காதில் விழவில்லை.

திரும்பி வந்தபோது அடுத்த பகுதி தொடங்கியிருந்தது. குழல் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தது. டிரையரைப் போடலாமா என்று மேற்பார்வையாளர் தணிந்த குரலில் கேட்டார்.

"இது முடியட்டும்," என்றாள் அம்மா.