சாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள்

அவள் இன்சூரன்ஸ் சர்வேயர். நொறுங்கிய கார்களைப் பார்ப்பதுதான் வேலை. ஷெட்டுக்கு இழுத்து வந்த வண்டியைச் சுற்றி நடந்து, எது எங்கே இடித்தது, என்ன வேகத்தில் இடித்தது, ஓட்டியவர் கடைசி நேரத்தில் பிரேக்கை மிதித்தாரா என்று எழுதிக் கொடுப்பாள். சீட்டில் ஒட்டிய தலைமுடி, கீறல்கூட விழாத மூக்குக் கண்ணாடி, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் எல்லாம் அவளுக்குப் பழகிவிட்டதாக அலுவலகத்தில் சொல்வார்கள். ஆனால் தம்பி காரை எடுத்துக்கொண்டு வெளியே போனால் அவன் திரும்பி வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

அவனுக்கோ கார்தான் மூச்சு. கார்களை ஓட்டிப் பார்த்து வீடியோ போட்டுப் பிழைக்கிறவன். பார்க்கிறவர்கள் 'பட்டாசு' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவனுடைய வீடியோக்களை விடாமல் பார்க்கும் பல் டாக்டர் ஒருவர் தன்னுடைய இரண்டு கார்களையும் அவனிடம் ஒப்படைத்திருந்தார். ஒன்று முப்பது வருடப் பழைய ஜப்பான் டர்போ கார். இன்னொன்று அதே வம்சத்தில் இந்த வருடம் பிறந்தது. பழசு இன்னும் கிக் கொடுக்குமா, இல்லை வெறும் வாய்ப்பந்தலா? இதுதான் வீடியோ.

"கேமராக்காரனுக்குக் காய்ச்சல்க்கா. நீ புதுசை ஓட்டிட்டு என் பின்னாடி வந்தாப் போதும். கேமராவை அதோட முன்னாடி மாட்டிட்டேன்."

"அந்தப் பழசுல ஏர்பேக் இருக்காடா?"

"இல்ல."

"மிதிச்சா சக்கரம் பூட்டிக்காம இருக்க எதாவது?"

"அதுவும் இல்ல. உன் கை, உன் கால், அவ்வளவுதான். அதுதான் அதோட அழகே."

"அந்த அழகைத்தான் நான் ஷெட்டுல தினம் பாக்குறேன்."

அம்மா அடுப்படியிலிருந்தே தீர்ப்பு சொன்னாள். "நீ போகலன்னா தனியாப் போவான். கூடப் போ. வேகமாப் போனான்னா காதைத் திருகு."

"முன்னாடி வண்டியில இருக்கிறவன் காதை எப்படிம்மா திருகுறது?"

போனாள். மலைப்பாதை. காலை வெயில் அப்போதுதான் பாறைகளில் விழுந்திருந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை. பழைய வண்டி தரையோடு ஒட்டி நின்றது. தம்பி பொத்தானை அழுத்தியதும் பானெட்டுக்குள்ளிருந்து இரண்டு விளக்குகளும் தூங்கி எழுகிற மாதிரி மேலே வந்தன. உறுமலோடு பெட்ரோல் வாசனை கிளம்பியது. அவள் உட்கார்ந்த புது வண்டியில் வாசனையும் இல்லை, சத்தமும் இல்லை. பெல்ட் தானாக அவள் தோளை இறுக்கியது. யாரோ முகம் தெரியாதவர் அக்கறையாகப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

தம்பி வாக்கி டாக்கியில் ஓயாமல் பேசிக்கொண்டே ஏறினான். "கேக்குதாக்கா? இப்ப மிதிக்கிறேன். ஒண்ணும் இருக்காது, ஒண்ணுமே இருக்காது, அப்புறம் பாரு, முதுகுல கைய வெச்சுத் தள்ளுது. இது ஸ்டீயரிங்கா, நாடித்துடிப்பா? ரோட்டுல ஒரு கல்லு இருந்தாக்கூட உள்ளங்கையில தெரியுது."

அவன் வண்டியின் பின்பக்கம் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் லேசாக வெளியே நழுவி, திரும்ப ஒட்டிக்கொள்வதை அவள் பார்த்தாள். அவளுக்கோ அவனைத் தொடர்வதில் எந்தச் சிரமமும் இல்லை. சாவகாசமாகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு திரையில் வேகத்தைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் ஓட்டி இந்த வேகத்தை அவள் வாழ்நாளில் தொட்டதில்லை. வண்டி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பியின் வண்டி கத்துவது ஒரு பயம் என்றால் இது வாயைத் திறக்காதது வேறு பயம்.

உச்சி நெருங்கும்போது பனி இறங்கியது. கைக்குட்டையை விரித்த மாதிரி முதலில் ஒரு துண்டு, பிறகு மொத்தமாக. திரை மணியடித்து எச்சரித்தது. தம்பியின் சிவப்பு விளக்குகள் மங்கின, மறைந்தன.

"பட்டாசு, நிறுத்துடா. ஒண்ணும் தெரியல."

"தெரியுதுக்கா, இந்த வளைவு தாண்டி ஓரமா..."

அவன் முடிக்கவில்லை. டயர் அலறியது. வாக்கி டாக்கியிலும் கேட்டது, வெளியே பனிக்குள்ளிருந்தும் கேட்டது. பிறகு வெறும் இரைச்சல்.

அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பட்டாசு என்றில்லை, பிறந்தபோது வைத்த பெயரை.

ஊர்ந்து போய் வளைவைத் தாண்டியதும் தார் மேல் கோடுகள் தெரிந்தன. இறங்கினாள். இரண்டு கறுப்புக் கோடுகள், இடைவெளியே இல்லாமல். புது வண்டிகள் இப்படிப் போடுவதில்லை. அவற்றின் பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டால்தான் இப்படி விழும். அவளுக்கு அவற்றைப் படிக்கத் தெரியும். தெரியாமல் இருந்தால் தேவலை என்று அந்த நிமிடம் நினைத்தாள். இங்கே எதையோ பார்த்திருக்கிறான். இங்கே மிதித்திருக்கிறான். இங்கே பின்பக்கம் முன்பக்கத்தை முந்தியிருக்கிறது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பனிக்குள் போயின.

கோடுகளுக்கு நடுவில் ஒரு ரப்பர் பூட்ஸ் கிடந்தது. ஒன்று மட்டும்.

அவள் எழுதிய எத்தனையோ அறிக்கைகளில் ஒற்றைச் செருப்பு வந்திருக்கிறது. காலில் இறுக்கமாக இருந்தது கழன்று கிடந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நடந்தாள்.

பழைய வண்டி அரைச் சுற்று சுற்றி, வந்த திசையைப் பார்த்துச் சாலையை அடைத்து நின்றது. ஒரு விளக்கு மூடியிருந்தது, ஒன்று திறந்திருந்தது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அடி எதுவும் இல்லை. அவளைப் பார்த்தான்.

"ஆளு இருந்துச்சுக்கா."

"எங்க?"

"தெரியல. இருந்துச்சு. அப்புறம் இல்ல."

ரோட்டோரம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் வெள்ளை. அவள் சுவர்ப்பக்கம் போகவில்லை. முதலில் வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும், உடம்புதான் மறுத்தது. முட்டி போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் தாரில் வைத்தாள். பிறகு திறந்தாள்.

சக்கரங்கள், சூடான இரும்பு, சொட்டும் தண்ணீர். வேறொன்றும் இல்லை.

"அங்க என்ன தேடுற?" என்று ஒரு குரல் கேட்டது. "இங்க இருக்கேன்."

சுவருக்கு மேல் ஒரு கை தெரிந்தது. அவள் ஓடினாள். ஐம்பது வயதிருக்கும், குடிநீர்க் குழாயைச் சோதித்துக்கொண்டே நடந்து வந்த தொழிலாளி. வண்டியைப் பார்த்ததும் ஓடியதில் ஒரு பூட்ஸ் கழன்று விழ, சுவரைத் தாண்டிக் குதித்திருக்கிறார். அந்தப் பக்கம் இரண்டடி மண், ஒரு புதர், அதற்குக் கீழே எதுவுமில்லை. புதரை ஒரு கையால் பிடித்தபடி கிடந்தார். அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். இந்தப் பக்கம் வந்து விழுந்ததும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். அது ஏற்கெனவே வீங்கியிருந்தது.

தம்பி தள்ளாடி இறங்கி வந்தான். "அண்ணே, மன்னிச்சிடுங்க. பனியில..."

"பனி எனக்கும்தான் இருந்துச்சு," என்றார் அவர். "நான் நடந்துதான வந்தேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. யாருடா நீ? எதுக்குடா இங்க வந்த?"

எதற்கு வந்தான் என்று சொன்னால் அந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

வண்டி வளைவை அடைத்து நின்றது. எந்தப் பக்கத்திலிருந்து லாரி வந்தாலும் கதை முடிந்தது. தம்பி மறுபடி ஏறி கிளட்சை மிதிக்கப் பார்த்தான். கால் உதறிய உதறலில் வண்டி குதித்து அணைந்தது. இன்னொரு முறையும் அப்படியே ஆனது.

"இறங்கு," என்றாள் அவள். "இதை நான் எடுத்துட்டுப் போறேன். நீ புதுசுல அண்ணனை ஏத்திக்கிட்டு மெதுவா வா."

"இவன் ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன்," என்றார் தொழிலாளி. "செத்தாலும் உன்கூடத்தான் வருவேன்."

அப்படித்தான் அவள் அந்த வண்டியில் உட்கார்ந்தாள். சீட் தம்பியின் வியர்வையில் ஈரமாக இருந்தது. கியர் குமிழ் தேய்ந்து வழவழத்தது. பனியில் இரண்டு வளைவுகள் இறங்குவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஸ்டீயரிங் அவள் கைக்குள் உயிருள்ள மீன் போலத் துள்ளியது. தவறாக ஒரு விரல் அசைந்தாலும் வண்டி கேட்டுவிடும் என்று புரிந்தது. பக்கத்தில் அவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தார்.

பிறகு பனி விலகியது. முன்னால் நேரான சாலை, காய்ந்த தார், வெயில். அவள் கொஞ்சம் மிதித்தாள். சீக்கிரம் ஆஸ்பத்திரி போகத்தான், என்று பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம். எஞ்சினிலிருந்து ஒரு விசில் எழுந்தது, அப்புறம் முதுகைத் தள்ளியது. உலகத்தில் கைக்கும் சாலைக்கும் நடுவில் வேறெதுவும் மிச்சமில்லை. ஷெட்டில் பார்த்த எதுவும் நினைவில் இல்லை. காலை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எடுக்கவில்லை.

"ம்மா," என்றார் அவர் மெதுவாக. "நீயுமா?"

காலை எடுத்தாள். மலையடிவாரம் வரைக்கும் அவர் முகத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்ன ஆஸ்பத்திரி. எலும்பில் விரிசல், கட்டுப் போட வேண்டும் என்றார்கள். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டபோது தம்பியே முன்னால் போய், தான் வேகமாக ஓட்டியதைச் சொன்னான். போலீசுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். சொல்லுங்கள் என்றான். பல் டாக்டருக்கும் அவனே போன் செய்தான். பிறகு வராந்தாவில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்தப் புது வண்டி தானா கோட்டுக்குள்ள வெச்சுக்கிச்சுக்கா. நான் பேருக்குத்தான் பிடிச்சிருந்தேன். அது இல்லன்னா வந்து சேர்ந்திருக்க மாட்டேன்."

"ம்."

"அந்த நேர் ரோட்டுல நீ மிதிச்ச. பின்னாடியிருந்து பாத்தேன்."

அவள் சுவரைப் பார்த்தாள். "ஆமா."

"எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. இத்தனை வருடம் அவன் வரும்வரை விழித்துக் கிடந்ததும், திட்டியதும், கெஞ்சியதும் ஞாபகம் வந்தது. பயந்தது அவனுக்காக மட்டும் என்றுதான் நினைத்திருந்தாள். இனி அந்தச் சாவி கையெட்டும் தூரத்தில் இருந்தால் தன்னையும் சேர்த்துப் பயப்பட வேண்டும்.

"சாவியை எங்க வெச்ச?" என்று கேட்டாள்.

"என்கிட்டதான் இருக்கு."

"இருக்கட்டும். என்கிட்ட குடுக்காத. பல் டாக்டர் வந்து எடுத்துக்கட்டும்."

அவன் அவளையே பார்த்தான். சிரிக்கவில்லை. உள்ளே தொழிலாளி வலியில் கத்துவது கேட்டது. நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இவர்கூட வந்தவங்க யாரு? காலைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

தம்பி கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவளும் எழுந்து பின்னாலேயே போனாள்.