மஞ்சப்பையில் செருப்பு

தாய்லாந்துக்காரர்களின் மரியாதையை மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையில் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்? கீழே வெங்காய மண்டி, மேலே விஜய்ஆனந்தின் வகுப்பு. வெளிநாட்டு ஹோட்டல்களுக்குப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கு எல்லா ஏற்பாடும் அவர்தான். சௌராஷ்டிரா குடும்பம். வீட்டுக்காரியிடம் போனில் அவர்கள் மொழியில் கெஞ்சிவிட்டு, உள்ளே வந்து பிள்ளைகளைத் தமிழில் மிரட்டுவார். நல்ல மனுஷன்தான். வம்பு என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார்.

அன்றைக்கு அவருக்கு ஆர்த்திகாதான் வம்பு.

"அங்க யார் தலையையும் தொடக்கூடாது. காலை யாரையும் பார்த்து நீட்டக்கூடாது. சின்னவங்கதான் முதல்ல கும்பிடணும். ஒருத்தர் செருப்பைக் கழட்டுனா, ஏன்னு கேள்வி கேட்காம நீங்களும் கழட்டிடணும். பெரியவங்க உட்கார்ந்திருந்தா, அவங்களைத் தாண்டும்போது லேசா குனிஞ்சு போகணும். எங்க, செஞ்சு காட்டுங்க."

மற்ற மூன்று பேரும் வரிசையாகக் குனிந்து போனார்கள். ஆர்த்திகா நாற்காலியை விட்டு எழவில்லை.

"பெரியவங்கன்னா எதுல சார்? வயசுலயா, தெருவுலயா?"

"தெருவா? என்னம்மா உளர்ற? வயசுலதான்."

"எல்லாருமே குனிவாங்களா? இல்ல, கொஞ்சப் பேரு மட்டுமா?"

"அந்த ஊர்ல எல்லாரும்தான்! எந்திரி நீ."

எழுந்தாள். அவருக்கு முன்னால் கம்பு மாதிரி நிமிர்ந்து நடந்து, அந்தப் பக்கம் போய் நின்றாள். "அங்க போயிப் பாக்குறேன் சார். எல்லாரும் குனிஞ்சா நானும் குனியிறேன்."

விஜய்ஆனந்துக்கு முகம் சிவந்துவிட்டது. "இது கடைசிப் பாடம். அந்த ஊர்ல கோபம் வந்தா கத்தக்கூடாது. குரலை உயர்த்துனவனுக்குத்தான் மரியாதை போகும். சிரிச்ச முகமா, மெதுவாப் பேசணும். உனக்குத்தான் முக்கியமாச் சொல்றேன்."

"அது எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது சார்."

திமிர் என்றுதான் அவர் நினைத்தார். ஆர்த்திகாவின் ஊருக்கு அவர் போனதில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்? பேரையூருக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர். பஸ் நிற்கிற இடத்திலிருந்து கீழத்தெருவுக்குப் போக வேண்டுமானால் மேலத்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். வேப்பமர முக்கு வந்ததும் அவள் அப்பா சோலை குனிந்து செருப்பைக் கழற்றுவார். மஞ்சப்பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். மேலத்தெரு முடிந்த பிறகுதான் செருப்பு வெளியே வரும். கழட்டு என்று இப்போது யாரும் சொல்வதில்லை. சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். சொல்லாமலே நடந்துகொண்டிருந்தது, அதுதான் கொடுமை.

ஆர்த்திகா ஒன்பதாம் வகுப்பிலிருந்தே செருப்போடுதான் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் ஏச்சு வந்தது, ஒருமுறை சாணி உருண்டையும் வந்தது. அவள் கழற்றவில்லை. அப்பாவைத்தான் அவளால் அசைக்க முடியவில்லை. எத்தனை சண்டை! மதுரையில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்த சம்பளத்தில் நல்ல தோல் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அதுவும் பாதி நேரம் பைக்குள்தான் கிடந்தது.

"நீ பிளேன் ஏறிப் போயிருவ தாயி," என்பார். "நாந்தேன ஜெயபாண்டி அய்யா காட்டுல களையெடுக்கணும்?"

மேலத்தெரு ஜெயபாண்டிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சோலைக்கு ஐம்பத்தெட்டு. அவன் இவரை "ஏ சோலை" என்பான். இவர் அவனை, அவன் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து "அய்யா" என்பார். கல்லூரிக்குப் போன நாள் முதல் ஆர்த்திகா அவனை "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதற்கும் அப்பாவிடம் திட்டு வாங்கினாள்.

இந்த நேரத்தில்தான் சிரிபோன் டீச்சர் மதுரைக்கு வந்து இறங்கினார். தாய்லாந்தில் சியாங் மாய் ஊரில் ஆர்த்திகா ஒரு வருடம் படிக்கப் போகிற ஹோட்டல் பள்ளியின் ஆசிரியை. பெற்றவர்களை நேரில் பார்த்துக் கும்பிட்டுச் சொல்லாமல் ஒரு பெண்ணை அழைத்துப் போக மாட்டாராம், அது அவர் வழக்கம். பார்த்த பிறகுதான் சீட்டு உறுதி.

டீச்சரை ஊருக்கு அழைத்துப் போவதற்கு முந்தின நாளே ஆர்த்திகா அப்பாவுக்குப் போன் போட்டாள். "நாளைக்கு ஒரு நாளாவது கழட்டாதப்பா. ஒன்னைய நான் கெஞ்சிக் கேக்குறேன்."

"பாப்போம்," என்றார் சோலை.

விஜய்ஆனந்தின் கார் மேலத்தெருவுக்குள் போக முடியவில்லை. குழாய் பதிக்கிறோம் என்று தெருவைப் பாதி தோண்டிப் போட்டிருந்தார்கள். வேப்பமர முக்கிலேயே டீச்சர், விஜய்ஆனந்த், ஆர்த்திகா மூன்று பேரும் இறங்கினார்கள். சோலை வெள்ளைச் சட்டையில் காத்திருந்தார். டீச்சர் அவரைப் பார்த்ததும் கைகூப்பி, விரல்நுனி மூக்கைத் தொடும்படி தலை தாழ்த்தினார். சோலை பதறிப்போய்த் திருப்பிக் கும்பிட்டார். பிறகு, கை தன் பழக்கத்துக்குப் போனது போல, குனிந்து செருப்பைக் கழற்றி மஞ்சப்பைக்குள் போட்டார்.

ஆர்த்திகா அந்தப் பையையே பார்த்தாள். ஐயோ அப்பா!

டீச்சர் அதைப் பார்த்தார். தெருக்கோடியில் கோயில் கோபுரம் தெரிந்தது, அதையும் பார்த்தார். வீட்டுக்காரர் கழற்றினால் விருந்தாளியும் கழற்றுவதுதானே முறை? சட்டென்று தன் ஷூவையும் காலுறையையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்தது. தான் நடத்திய பாடம் தன் காலையே பிடித்துக்கொண்டதே என்று விழித்த விஜய்ஆனந்தும், வேறு வழியில்லாமல் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்தார்.

வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜெயபாண்டி அலறிக்கொண்டு ஓடி வந்தான். "அய்யய்யோ! அம்மா, நீங்க செருப்பப் போடுங்க! காலு வெந்துரும்! ஏம்மா ஆர்த்திகா, போடச் சொல்லு அவங்கள!"

டீச்சர் நின்றார். ஜெயபாண்டியின் காலில் செருப்பு இருந்தது. எதிர்வீட்டுத் தாத்தா காலிலும், தண்ணீர் தூக்கிப் போன பெண் காலிலும் இருந்தது. அவருக்குக் குழப்பமாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஆர்த்திகாவிடம் கேட்டார்: "இது புனிதமான தெரு என்றால் இவர்கள் ஏன் செருப்புப் போட்டிருக்கிறார்கள்? இல்லையென்றால் உன் அப்பா ஏன் கழற்றினார்? நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?"

விஜய்ஆனந்த் அவள் காதோரம் வந்தார். "கோயில் தெரு, வேண்டுதல்னு சொல்லிடும்மா. ஊர் வம்பை இவங்க முன்னாடி இழுக்காத. உன் சீட்டு போயிடும்."

அது அவளுக்கும் தெரியாதா? ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொன்னால் சியாங் மாய். ஆனால் அந்தப் பொய்யைத் தன் வாயால் சொல்லிவிட்டு, அப்பாவின் கக்கத்தில் இருக்கிற பையை இனி எந்த முகத்தோடு பார்ப்பது? கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். திமிர் பிடித்த கழுதை என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

சுட்டுப்போட்டாலும் வராது என்றாளே, அது வந்தது. முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஜெயபாண்டி அண்ணே, நீங்கல்லாம் செருப்புப் போட்டிருக்கீங்க, எங்கப்பா மட்டும் ஏன் கழட்டிட்டாருன்னு டீச்சர் கேக்குறாங்க. நீங்களே சொல்லுங்கண்ணே. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே இங்கிலீஷ்ல சொல்லிர்றேன்."

"அது... பழக்கம்."

ஆர்த்திகா ஆங்கிலத்தில் சொன்னாள். டீச்சர் ஏதோ கேட்டார்.

"யாரு பழக்கம்னு கேக்குறாங்கண்ணே."

"ஒங்க ஆளுக பழக்கம்."

"அது எதுக்கு இந்தத் தெருவுல மட்டும்னு கேப்பாங்களே. என்ன சொல்லட்டும்?"

எதிர்வீட்டுத் தாத்தா எழுந்து உள்ளே போய்விட்டார். அத்தனை வருஷமாக ஒரு பார்வையிலேயே நடத்திக்கொண்டிருந்த காரியத்தை, வெளியூர்க்காரிக்குப் புரிகிற மாதிரி வாய்விட்டுச் சொல்ல அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் நாக்கு எழும்பவில்லை. ஆர்த்திகா சிரித்த முகமாகக் காத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை.

"நானா கழட்டச் சொன்னேன்?" ஜெயபாண்டி சோலையின் பக்கம் பாய்ந்தான். "ஏ சோலை, செருப்ப எடுத்துப் போடுய்யா. இன்னைக்கு ஒரு நாளு போட்டுக்கிட்டுப் போ!"

அதையும் ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னாள் ஆர்த்திகா. இன்றைக்கு ஒரு நாள் போட்டுக்கொள்ளலாமாம்.

டீச்சரின் முகம் மாறியது. கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. சோலையைப் பார்த்து மெதுவாக ஒன்று சொன்னார்.

"நீ போட்டாத்தேன் அவங்களும் போடுவாங்களாம்ப்பா."

அதற்கு மேல் ஆர்த்திகா அவரைக் கெஞ்சவில்லை. கெஞ்சியது போதும். சோலை மகளைப் பார்த்தார். சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி நிற்கிற விருந்தாளியைப் பார்த்தார். ஜெயபாண்டியை அவர் பார்க்கவில்லை. பைக்குள் கையை விட்டு, ஒரு செருப்பை எடுத்துத் தெருவில் போட்டார். இன்னொன்றையும் போட்டார். மாட்டிக்கொண்டு நடந்தார். டீச்சரும் விஜய்ஆனந்தும் ஷூவை மாட்டிக்கொள்ள, பின்னாலேயே மூன்று பேரும் நடந்தார்கள்.

கீழத்தெருவில் வீட்டு வாசலில் எல்லாச் செருப்பும் கழன்றது. விருந்தாளியுடையது, விஜய்ஆனந்துடையது, சோலையுடையது, ஆர்த்திகாவுடையது, எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. டீச்சர் பாயில் உட்கார்ந்தார். அவரைத் தாண்டித் தண்ணீர் எடுக்கப் போன ஆர்த்திகா, யாரும் சொல்லாமலே, லேசாகக் குனிந்து போனாள்.

விஜய்ஆனந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்புட்டு வம்பும்மா நீ!" என்றார். ஊர்க்காரர்கள் பேச்சு அவருக்கும் ஒட்டிக்கொண்டது. டீச்சர் சோலையைக் கும்பிட்டு, உங்கள் மகளை என் மகளாகப் பார்த்துக்கொள்வேன் என்றார். ஜூலையில் பயணம் என்று அங்கேயே முடிவானது.

சாயங்காலம் விருந்தாளிகளைக் காரில் ஏற்றிவிட்டு, அப்பாவும் மகளும் வேப்பமர முக்கிலிருந்து திரும்பினார்கள். சோலையின் கை மஞ்சப்பையைப் பிடித்திருந்தது. அவர் குனியவில்லை. பை காலியாக இருந்தது, செருப்பு காலில் இருந்தது.

ஜெயபாண்டி கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டான். "ஏ சோலை. வந்தவுக போயிட்டாகள்ல?"

"போயிட்டாங்க."

"இன்னும் என்ன? காடு, களை எல்லாம் ஞாவகம் இருக்குல்ல?"

சோலை நின்றார். அவன் முகத்தை நேராகப் பார்த்தார். ஆர்த்திகா பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

"எல்லாம் ஞாவகம் இருக்கு. நாளைக்கும் இப்படித்தேன் வருவேன், தம்பி."

சொல்லிவிட்டு, பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அவனைத் தாண்டி நிமிர்ந்து நடந்தார்.