நாற்பது நாள் சேனைக்கிழங்கு

சாந்தோம் ஞானதாஸுக்கு உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் தோற்கலாம், மச்சினன் ஃபிரெட்ரிக்கிடம் மட்டும் தோற்கக் கூடாது. முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஃபிரெட்ரிக் பிளஸ் டூவில் அவரிடமே இயற்பியல் படித்து, தட்டுத் தடுமாறித் தேறி, எப்படியோ டல்லாஸ் போய்ச் சேர்ந்து, இப்போது அங்கே சொந்த வீடு, வீட்டுக்குப் பின்னால் புல்வெளி என்று இருக்கிறான். புல்வெளியைக்கூட அவர் மன்னித்துவிட்டார். அவன் பேசுவதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தவன், அக்கா ஐவி வைத்த ஆட்டுக்கறிக் குழம்பை மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொண்டு, கை கழுவிவிட்டு வந்து சொன்னான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்மாளுங்களுக்குக் கறியை வேகவைக்கத் தெரியும், பொரிக்கத் தெரியும், அதோட சரி. எங்க வீட்டுப் பின்னாடி ஒரு டிரம் வச்சிருக்கேன் அத்தான், நானே செஞ்சது. அடியில கரி, மேல கறி. எட்டு மணி நேரம் வெறும் புகைச்சூட்டுல வாட்டணும். அதுக்குப் பொறுமை வேணும். உங்களுக்கு ஒத்து வராது."

கிறிஸ்து பிறந்த நாளில் கோபப்படக் கூடாது என்று ஞானதாஸ் சிரித்துவைத்தார். "ஈஸ்டருக்கும் ஆபீஸ் வேலையா வர்றேன்னு சொன்னல்ல? வா. டிரம்மும் நான்தான் செய்வேன், கறியும் நான்தான் போடுவேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்த வேகத்தில் மனைவி பக்கம் திரும்பி, "ஐவி, இந்த ஈஸ்டருக்கு நீ அடுப்படிப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது" என்றும் சொல்லிவிட்டார்.

அது சும்மா ஒரு எடுப்புக்காகச் சொன்னது. ஆனால் ஐவி அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருடம். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நள்ளிரவுப் பாஸ்கா பூசை முடிந்து வந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்து, மொத்தச் சொந்தத்துக்கும் சமைத்திருக்கிறாள். பங்குக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும், "இந்த வருஷம் எங்க வீட்ல அவர்தான் சமைக்கிறார், நான் ஹால்ல உக்காரப் போறேன்" என்று அறிவித்தாள். தி.நகர் போய் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்தாள். ஹாலில் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதுகூட முடிவாகிவிட்டது. ஃபேனுக்கு நேர் கீழே இருப்பது.

ஞானதாஸ் ஜனவரி முழுக்கப் படம் வரைந்தார். பிப்ரவரியில் வரைந்த படத்தைத் திருத்தினார். தவக்காலத்துக்கு ஒரே ஒரு நாள் பாக்கியிருக்கும்போதுதான் புதுப்பேட்டைக்குப் போனார். அங்கே பழைய இரும்பு வியாபாரி மெஹபூப் அலி இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

"பாமாயில் டிரம்மு சார், வேணும்னா மோந்து பாரு. தண்ணி புடிக்கவா?"

"கறி சுட."

மெஹபூப் அலி அவரை மேலும் கீழும் பார்த்தார். "கறி சுட டிரம்மு இன்னாத்துக்கு சார்? ஊட்ல தோசைக்கல்லு கீதில்ல?"

தோசைக்கல்லுக்கு எதிரான அறிவியல் வாதங்களை நின்றுகொண்டே கால் மணி நேரம் விளக்கிவிட்டு, டிரம்மைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தார். கொல்லையில் வைத்து உள்ளே விறகைப் போட்டு எரித்து, பழைய எண்ணெயையும் பெயின்ட்டையும் போக்கினார். டிரம் ஆறியபோது, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் விடிந்துவிட்டது. ஐவி நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தாள்.

அந்த வீட்டில் தவக்காலம் என்றால் தவக்காலம்தான். நாற்பது நாளும் கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டைகூடக் கிடையாது. ஃபிரிட்ஜைத் துடைத்து எலுமிச்சம்பழம் வைத்துவிடுவாள்.

"ஒரே ஒரு கோழிக்கால், ஐவி. சாப்பிடறதுக்கு இல்ல, சூட்டைப் பாக்கறதுக்கு."

"பாத்துட்டு என்ன பண்ணுவீங்க?"

"தூக்கிப் போட்டுடறேன்."

"தவக்காலத்துல கறியைச் சுட்டா ஒரு பாவம். சோத்தைத் தூக்கிப் போட்டா இன்னொரு பாவம். பெரிய வெள்ளிக்கு என்ன மூஞ்சியோட போய்ச் சிலுவையை முத்தி செய்வீங்க?"

இதற்கு இயற்பியலில் பதில் இல்லை. ஞானதாஸ் கோயம்பேடு போய் ஒரு மூட்டை சேனைக்கிழங்கு வாங்கி வந்தார். அவர் கணக்கு இதுதான்: சேனையும் கனம், ஆட்டுத்தொடையும் கனம். சேனைக்கு எது சரியோ அது தொடைக்கும் சரி. ஒன்பதாம் வகுப்புப் பையன் இப்படிச் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

ஃபிரெட்ரிக் வாட்ஸ்அப்பில் சொன்னபடி, டிரம்முக்கு அடிப்பக்கம் காற்று போக மூன்று ஓட்டை, கரிக்கூடைக்கு மேலே சூடு நேரே படாமல் தடுக்க ஒரு இரும்புத் தட்டு, அதற்கு மேலே கம்பி வலை, மூடியில் புகைபோக்கி. இஸ்திரி வண்டிக்காரர் வாங்கும் கடையிலேயே கரி வாங்கினார். கோயில் வளாகத்தில் முறிந்து விழுந்த கொய்யாக்கிளையைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கி வந்து புகைக்குப் போட்டார். ஐந்து மணி நேரம் கழித்து எடுத்த சேனை, வெளியே கரிக்கட்டை, உள்ளே பச்சை. ஒரு வாய் சாப்பிட்டதும் தொண்டை அரித்தது. அன்று மாலை மாதா ஜெபமாலையில் அவர் சொன்ன பாதி ஜெபம் இருமல்தான்.

"சேனையைப் புளித்தண்ணியில ஊறப் போடணும் சார், தெரியாதோ?" என்று மேலிருந்து குரல் வந்தது. பக்கத்துக் குடியிருப்பின் முதல் மாடி பால்கனியில் பத்மாசனி மாமி, பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், துணி உலர்த்தும் சாக்கில் நின்றுகொண்டிருந்தார். "நானும் காலம்பறேருந்து பாத்துண்டே இருக்கேன். அந்த டிரம்ல மாமிசம் ஏதும் பட்டிருக்கோ?"

"இல்ல மாமி. ஈஸ்டர் வரைக்கும் சுத்த சைவம்."

"அப்போ ரெண்டு கத்திரிக்காய் போட்டுத் தாங்கோ. கொத்சுக்கு. ஆத்துல கேஸ் அடுப்புல சுட்டா அந்த வாசனை வரதில்லை."

அன்றிலிருந்து ஞானதாஸுக்கு ஒரு ரசிகை கிடைத்தார். ரசிகை கிடைத்தால் மனிதன் சும்மா இருப்பானா? சேனை உள்ளே வேகவில்லை என்றதும் மூன்று ஓட்டையை நான்காக்கினார். கொஞ்சம் தேவலை. ஐந்தாக்கினார். பிறகு ஆறு. கம்பி வலையைக் கரிக்கு அருகே ஒரு சாண் இறக்கினார். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம், நடுவில் சூட்டைத் தடுத்துக்கொண்டிருந்த இரும்புத் தட்டையும் கழற்றி எறிந்தார். அன்று வந்த சேனையைப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது. வெளியே பொன்னாக முறுகி, உள்ளே வெண்ணெயாகக் குழைந்து, கொய்யாப் புகை மணத்தோடு இருந்தது. பத்மாசனி மாமி கைப்பிடிச் சுவர் மேல் சாய்ந்து, "அமிர்தம் சார்! மாமிசம் பட்டுதுன்னா மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ" என்றார்.

ஈஸ்டர் காலை ஆறு மணிக்கு இரண்டு ஆட்டுத்தொடை, நான்கு முழுக்கோழி, மசாலா தடவப்பட்டு, எட்டரைக்கு டிரம்முக்குள் போயின. ஐவி ஆறு மணிக்கே மயில்கழுத்துப் புடவையில், தலையில் ஒரு முழம் மல்லிகையோடு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாள். அடுப்படியில் ஒரு பாத்திரம் நனையவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் சொந்தங்கள் வரத் தொடங்க, அவள் உட்கார்ந்தபடியே, "வாங்க வாங்க, இன்னிக்கு எல்லாம் அவர்தான்" என்று வரவேற்றாள். அந்த "அவர்தான்" காதில் விழும்போதெல்லாம் ஞானதாஸின் மார்பு ஒரு அங்குலம் விரிந்தது.

சேனையில் கொழுப்பு கிடையாது. இந்த ஒரு விஷயத்தைச் சேனை நாற்பது நாளும் அவரிடம் சொல்லவே இல்லை.

ஒன்பதரைக்கு முதல் சொட்டுக் கொழுப்பு கரியில் விழுந்து சுர்ரென்றது. நல்ல சத்தம்தான் என்று நினைத்தார். அப்புறம் நான்கு கோழியின் கொழுப்பும் சேர்ந்து உருகி விழ ஆரம்பித்தது. தடுக்கத் தட்டு இல்லை. அடியில் ஆறு ஓட்டை வழியாகக் காற்று வேண்டிய மட்டும் வந்தது. புகைபோக்கியில் புகைக்குப் பதிலாக நெருப்பு எட்டிப் பார்த்தது. பதறிப்போய் ஞானதாஸ் மூடியைத் திறந்தார். தீ அவர் உயரத்துக்கு எழுந்தது. புருவம் பொசுங்கிய வாசனை அவருக்கே வந்தது.

"மூடியைப் போடுங்கோ சார்! காத்து போற ஓட்டையை அடைங்கோ!" என்று பால்கனியிலிருந்து மாமி கத்தினார். இயற்பியல் வாத்தியாருக்கு அதைப் பேங்க் மேனேஜர் சொல்ல வேண்டியிருந்தது. சொந்தங்களோடு வந்திருந்த ஃபிரெட்ரிக் ஓடி வந்து, ஒரு சாக்கை நனைத்துக் கிழித்து ஓட்டைகளை அடைத்தான். தீ அடங்கியதும் மூடியைத் தூக்கினார்கள். கோழி எது, தொடை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"தட்டு எங்க அத்தான்?"

"கழட்டிட்டேன்."

"ஓட்டை ஆறு இருக்கே? நான் மூணுதானே சொன்னேன்?"

"மூணு ஓட்டையில சேனை வேகாதுடா!"

கொல்லை வாசலில் கூடியிருந்த இருபது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபிரெட்ரிக் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஞானதாஸ் தாங்கிக்கொண்டிருப்பார். அவன் அவர் தோளில் கை வைத்து, "விடுங்க அத்தான், ஆர்டர் பண்ணிக்கலாம்" என்றான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போது அவர் ஐவியைப் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. பழக்கப்பட்ட கையால் பட்டு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து மூன்றரை மணி நேரம்தான் உட்கார்ந்திருந்தாள். ஞானதாஸுக்கு மச்சினன், டல்லாஸ், புருவம் எல்லாம் அந்த நிமிடத்தில் மறந்துபோயின.

"ஐவி! போய் உக்காரு."

"இருபது பேருங்க. பசியோட இருக்காங்க."

"உக்காருன்னு சொல்றேன்ல."

மூட்டையில் சேனை இன்னும் பாதி இருந்தது. மாமிக்குச் சுட்டுத் தருவதற்காக வாங்கிக் குவித்ததில் மிஞ்சிய ஒரு கூடைக் கத்திரிக்காயும் இருந்தது. வலையைத் தேய்த்துக் கழுவி, புதுக் கரி போட்டு, ஈரச் சாக்கைப் பிடுங்கி ஆறு ஓட்டையையும் திறந்தார். சேனையைத் தோல் சீவிப் புளித்தண்ணீரில் போட்டார். ஃபிரெட்ரிக்கை உலை வைக்கச் சொன்னார். அவனுக்கு அரிசிப்பானை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஐவி நாற்காலியிலிருந்து எழாமலேயே வழி சொன்னாள்.

"மாமி, உங்களுக்கும் தரட்டுமா?" என்று ஞானதாஸ் மேலே பார்த்துக் கேட்டார்.

"எப்படி சார்? மாமிசம் பட்டுடுத்தே" என்றார் மாமி. நாற்பது நாள் ருசித்த டிரம்மை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு மணிக்குப் பந்தி உட்கார்ந்தது. நாற்பது நாள் நாக்கைக் கட்டி வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பம், ஆண்டவர் உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கிழமையில், சோறும் சுட்ட கத்திரிக்காய் மசியலும் சேனைக்கிழங்கும் சாப்பிட்டது. பிறகு இரண்டாவது தடவை சேனை கேட்டார்கள். ஃபிரெட்ரிக் மூன்றாவது தடவையும் கேட்டான். ஞானதாஸ் டிரம்முக்கும் ஹாலுக்குமாக நடந்து நடந்து, ஆவி பறக்க எடுத்து வந்து போட்டுக்கொண்டே இருந்தார். வேட்டியில் கரி, கையில் மூன்று இடத்தில் சூடு.

ஐவியின் தட்டில் ஒரு துண்டு வைத்துவிட்டு, "மன்னிச்சுடு. உன்னை ஊர் முன்னாடி..." என்று ஆரம்பித்தார்.

அவள் அந்தத் துண்டை ஊதி ஊதிச் சாப்பிட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"முப்பத்தோரு ஈஸ்டர் சமைச்சிருக்கேன். சூடா சாப்பிடறது இதான் முதல் தடவை."

சாதாரணமாகத்தான் சொன்னாள். குறை சொல்லும் குரல் இல்லை. அடுத்த துண்டை எடுத்து ஊதினாள்.

எல்லாரும் எழுந்து கை கழுவிய பிறகு, ஞானதாஸ் தனியாக உட்கார்ந்து தன் தட்டில் இருந்ததை எடுத்து வாயில் வைத்தார். சில்லென்று இருந்தது. சேனை இறுகிக் கட்டியாகியிருந்தது.

எதிர் நாற்காலியிலிருந்து ஐவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிப்போச்சா?"

"ம்."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள். அவள் எழுந்திருக்கவில்லை.