நார்மன் நிறுத்திய இடம்

திங்கட்கிழமை காலை முட்டையை வாணலியில் உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்கதவு தட்டப்பட்டது. நார்மனின் மனைவி எனிட் நின்றிருந்தார். கோட்டுப் பொத்தான்களை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டிருந்தார். கையில் நகராட்சி உறை.

“க்ளிஃப், குடுத்துட்டாங்க. அவருக்குக் குடுத்துட்டாங்க.”

அடுப்பை அணைக்க மறந்து, நின்றபடியே படித்தேன். அன்புள்ள திரு. நார்மன் கென்யன், மில் திடலில் பழைய பாட்டில்களுக்காகத் தோண்ட நீங்கள் கேட்டிருந்த அனுமதி வழங்கப்படுகிறது. ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு குழி. மாலை ஐந்துக்குள் மூடி, புல்லைப் பழையபடி பதித்துவிட வேண்டும். அன்புள்ள திரு. நார்மன் கென்யனை நாங்கள் மார்ச் மாதமே தேவாலயத்துக்குப் பின்னால் புதைத்துவிட்டோம். இப்போது செப்டம்பர். எனக்கு வந்த ஆத்திரத்தில் முட்டை கருகியது கூடத் தெரியவில்லை.

மில் திடல் என்பது இன்று பிள்ளைகள் பந்து உதைக்கும் இடம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஊர்க்குப்பை முழுக்க அங்கேதான் போய் விழுந்தது. நார்மனின் கொள்ளுத்தாத்தா இந்த ஊரில் இஞ்சி பீர் காய்ச்சி விற்றவர். பழுப்பும் வெள்ளையுமான பீங்கான் குப்பி, அதில் ‘கென்யன்’ என்று கறுப்பு எழுத்து, கீழே ஒரு சேவல். பழைய குப்பைமேடுகளைத் தோண்டிப் பாட்டில் சேர்ப்பதுதான் நார்மனுக்கும் எனக்கும் பொழுதுபோக்கு; உடைந்த துண்டுகள் எங்களுக்கு நிறையக் கிடைத்திருக்கின்றன. முழுசாக ஒன்றை யாரும் பார்த்ததில்லை. நார்மன் வீட்டு முன்னறை அலமாரியில் நடுத்தட்டின் நடுவே ஓர் இடம் எப்போதும் காலியாக இருக்கும். அங்கே எதையாவது வைத்தால் எனிட்டுக்குக் கூடத் திட்டு விழும்.

வருஷா வருஷம் ஏப்ரலில் அவன் நகராட்சிக்கு எழுதிப் போடுவான். ஒரு வருஷம் பந்தாட்டப் பருவம் என்பார்கள், ஒரு வருஷம் எரிவாயுக் குழாய், இன்னொரு வருஷம் பிள்ளைகள் காலில் கண்ணாடி குத்தும் என்பார்கள். போன வருஷம் எழுதியதற்கு இப்போது கொடுத்ததும் மனம் இளகி அல்ல. அங்கே கார் நிறுத்துமிடம் வரப்போகிறது, அடுத்த மாதம் தார் போடுகிறார்கள்.

“ராத்திரியோட ராத்திரியா போயிட்டு வந்துரலாம்டா, யாருக்குத் தெரியப் போகுது” என்று நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். முறைப்பான். “திருடன் மாதிரி போக என்னால முடியாதுடா. முன்வாசல் வழியா, பட்டப்பகல்ல போவேன். எனிட் குழியோரமா நாற்காலி போட்டு உக்காந்திருப்பா. நான் குழியிலேருந்து எடுத்து அவ கையில குடுப்பேன்.” எனிட் எங்களோடு ஒருநாளும் வந்ததில்லை. மாட்டுக்கொட்டகைப் பின்புறங்களிலும் சாக்கடைக் கரைகளிலும் நாங்கள் நாறிக்கொண்டிருப்போம், யார்தான் வருவார்கள்? மில் திடலுக்கு மட்டும் வருவதாக வாக்கு கொடுத்திருந்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். பூங்காப் பிரிவில் ஹார்கிரீவ்ஸ் என்ற இளைஞர். காது சிவக்கும் சுபாவம்.

“அனுமதி திரு. கென்யன் பேருல இருக்கும்மா. பேரை மாத்தணும்னா அவர்தான் புதுசா எழுதிக் கேக்கணும்.”

“அப்படியா தம்பி? சர்ச்சுக்குப் பின்னாடிதான் இருக்காரு. நீங்களே போய்க் கேட்டுப் பாருங்க. எங்கிட்ட இப்பல்லாம் பதில் சொல்றதில்ல.”

ஹார்கிரீவ்ஸுக்குக் காதோடு கழுத்தும் சிவந்தது. பேனாவை எடுத்து நார்மன் பெயரை அடித்து, மேலே எனிட் பெயரை எழுதினார். நல்ல பையன்தான். ஐந்து மணிக்குத் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

சனிக்கிழமை இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க், இரண்டு கோப்பையோடு வந்தார். எங்கே தோண்டுவது என்று யோசிக்கவே தேவையில்லை. ஆற்றோரம், கோல்போஸ்ட்டுக்குப் பின்னால், முயல்கள் கறுப்புச் சாம்பலும் சிப்பி ஓடும் கிளறிப் போடும் மூலை. நார்மன் கைத்தடியால் ஆயிரம் தடவை தட்டிக் காட்டியிருக்கிறான். புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சாக்கின் மேல் அடுக்கினேன். எனிட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், படம் எடுத்துக்கொள்ள வந்தவர் போல.

முழங்கால் ஆழம் போனதும் மண்வாரியை ஊன்றி நின்றுவிட்டேன். தொடாத குப்பைமேடு அடுக்கடுக்காக இருக்கும்: சாம்பல், சிப்பி, மறுபடி சாம்பல். இங்கே மேல்மண்ணும் அடிச்சாம்பலும் கலந்து கிடந்தன. உடைசல்களை ஓரமாகப் பொறுக்கி அடுக்கியிருந்தார்கள்.

“என்ன க்ளிஃப், நின்னுட்டீங்க?”

“யாரோ தோண்டியிருக்கான். பாவிப்பய, நமக்கு முன்னாடியே வந்திருக்கான்.”

நான் நிறுத்தாமல் ஏசினேன். அவன் கை விளங்காமல் போக, அவன் வீட்டில் விளக்கெரியாமல் போக. ஒரு மனுஷன் வருஷக்கணக்காக மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்க, எவனோ நோகாமல் வந்து வாரிக்கொண்டு போயிருக்கிறானே என்று அடிவயிறு எரிந்தது. ஏசிக்கொண்டே தோண்டினேன். இடுப்பளவு போனபோது மண்வாரி கண்ணாடியில் உரசியது.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோண்டி முடித்த குழியை மூடும் முன் அடியில் நம் காலத்துப் பொருள் ஒன்றை வைத்துவிட்டு வரவேண்டும். அடுத்து வருகிறவன் இங்கே ஆள் வந்துபோயாயிற்று என்று தெரிந்துகொண்டு முதுகை ஒடித்துக்கொள்ளாமல் திரும்பிப் போவான். நான் காலி சாஸ் பாட்டில் வைப்பேன். நார்மன் ஜாம் பாட்டில் வைப்பான், உள்ளே ஒரு பெப்பர்மின்ட் போட்டு. “அவ்வளவு பாடுபட்டவனுக்கு வாய்க்கு ஏதாச்சும் வேண்டாமாடா?” என்பான்.

மண்ணைத் துடைத்தேன். ஆறுபட்டை ஜாம் பாட்டில். துருப்பிடித்த மூடி. உள்ளே வெள்ளையாக ஒன்று உருண்டது.

அதை மண்ணுக்குள்ளேயே அமுக்கிவிடத்தான் நினைத்தேன். அதற்குள் எனிட் எழுந்து குழி விளிம்புக்கு வந்துவிட்டார்.

“குடுங்க.”

கொடுத்தேன். கோட்டு நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“பக்கத்து வீட்டுல தேன் குடுத்தாங்கல்ல, அவரு ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்ப. அந்தப் பாட்டில். போன வருஷ பிளம்ஸ் ஜாமை இதுலதான் ஊத்தினேன்.” மூடியை விரலால் தடவிக்கொண்டே, “அப்பல்லாம் புதன்கிழமை நான் சந்தைக்குப் போவேன். வந்து பார்த்தா முட்டியெல்லாம் சேறா இருப்பாரு. தோட்டத்துல விழுந்துட்டேன்னு சொல்வாரு. சொன்ன பேச்சைக் கேக்க மாட்டீங்களான்னு கத்தினேன் க்ளிஃப். சின்னப் பிள்ளைய அதட்டுற மாதிரி அதட்டினேன்.”

என் மனசில் இருந்தது வேறு. என்னை விட்டுவிட்டு எப்படிடா வந்தாய்? இத்தனை வருஷம் கூடவே நின்று மண் அள்ளினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேனா? அந்த உடம்போடு, மூச்சு வாங்க அடிக்கடி நின்று, ஒற்றை ஆளாக இவ்வளவு மண்ணையும் வாரி, திரும்பப் போட்டு, புல்லையும் பதித்திருக்கிறான். அவன் பதித்த புல் எனக்கே தெரியவில்லை. பட்டப்பகலில்தான் வந்திருக்கிறான், அதில் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான்.

மூடி லேசில் திறக்கவில்லை. எனிட் அதை நாற்காலிக் காலில் இரண்டு தட்டுத் தட்டித் திருகினார். குழிக்குள் நின்ற எனக்கே பெப்பர்மின்ட் வாசம் வந்தது. முகத்தருகே பிடித்துக்கொண்டு அவர் அழுதார், சத்தமில்லாமல். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் காலடியைப் பார்த்தேன். பாட்டில் இருந்த பள்ளத்துக்குக் கீழே மண் கலையவில்லை. கறுப்புச் சாம்பல் ஒரு வரி, சிப்பி ஒரு வரி, மறுபடி சாம்பல், பூரான் நுழைந்த தடம் கூட இல்லாமல்.

“எனிட், அவன் அடிவரைக்கும் போகல” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “முடியாம இங்கேயே நிறுத்தியிருக்கான். கீழே யாரும் கை வைக்கல.”

“மணி என்ன?”

“நாலாகப் போகுது. இப்ப மூட ஆரம்பிச்சாத்தான் அந்தப் பையன் வர்றதுக்குள்ள புல்லு பதிக்க முடியும்.”

“அவன் வரட்டும். காதுதானே சிவக்கும்.”

பெப்பர்மின்ட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, புல்விளிம்பில் உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். புதுச் சப்பாத்து சாம்பலில் புதைந்தது. நார்மனின் சிறிய முள்ளுவாரி என் பையில் இருந்தது. அதைத் தானே எடுத்துக்கொண்டு மண்டியிட்டார்.

“எந்த இடம்?”

பாட்டில் கிடந்த பள்ளத்தைக் காட்டினேன். மேலே ஊற்றி வைத்த இரண்டு கோப்பைத் தேநீரும் ஆறிக்கொண்டிருந்தன. திடல் வாசல் பக்கம், ஐந்து மணிக்கு முன்பே, ஹார்கிரீவ்ஸின் சைக்கிள் மணி கேட்டது. எனிட் திரும்பவில்லை. ஒரு கன்னம் மிட்டாயில் புடைத்திருக்க, வாரியைச் சாம்பலில் மெல்ல இறக்கினார்.